போஸ்ட்மார்ட்டம் அக்கா

செத்துப்போனது நிஜமாகவே செத்துப்போனதுதானா என்று விசாரிக்காமல் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாத ஜீவன் தர்மபுரி மாவட்டத்திலேயே ஒருவர்தான். எங்கள் போஸ்ட்மார்ட்டம் அக்கா.

பாலக்கோட்டில் ஓர் உரக்கடை மாடியில் இருக்கிறது எங்கள் சாஃப்ட்வேர் ஆபீஸ். முதலாளி, அக்கா, நான், அவ்வளவுதான் கம்பெனி. ஒரு நாள் மல்லாந்து கிடந்த கரப்பானை முதலாளி பெருக்கித் தள்ளப் போனார்.

"இருங்க சார், செத்துருச்சான்னு பாத்தீங்களா?" என்று அக்கா தடுத்தார்.

முதலாளி குனிந்து பார்த்தார். கரப்பான் எழுந்து அவர் பேன்ட்டுக்குள் ஓடியது. அவர் ஆடிய ஆட்டத்தில், பூகம்பம் என்று கீழே உரக்கடைக்காரர் தெருவுக்கே வந்துவிட்டார்.

சர்வர் விஷயத்தில் அக்கா இன்னும் மோசம். தக்காளி மார்க்கெட்டில் எடைச் சீட்டு போட நாங்கள் எழுதிக் கொடுத்த புரோகிராம் ஓடத் தொடங்கியதும் 'நான் உள்ளே இருக்கிறேன்' என்று ஒரு தற்காலிக ஃபைலை வைத்துக்கொள்ளும். வேலை முடிந்தால் அதுவே அழித்துவிடும். நடுவில் செத்தால் ஃபைல் அநாதையாகக் கிடக்கும். அடுத்து வரும் புரோகிராம் அதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிடும். நான் யோசிக்காமல் ஃபைலை அழித்துவிட்டு ஓட்டுவேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் லினக்ஸ், ஓடுகிற புரோகிராம் பிடித்திருக்கும் ஃபைலைக்கூட அழிக்க விட்டுவிடும்.

"மார்க்கெட்ல இருக்கறது விண்டோஸ் தம்பி. இந்தூரு சட்டம் அந்தூருல செல்லாது" என்பார் அக்கா.

ஒரு காலை தக்காளி மார்க்கெட்டில் சர்வர் நின்றுபோனது. பெட்டிகள் மலையாக, லாரிகள் வரிசையாக; எடைச் சீட்டு இல்லாமல் எதுவும் நகரவில்லை. ஸ்கூட்டரில் பறந்தோம். புரோகிராமைத் திறந்தால் 'ஏற்கெனவே ஓடுகிறது' என்றது. ஃபைலை அழிக்கப் போனேன். யாரோ பிடித்திருப்பதாகச் சொல்லி விண்டோஸ் மறுத்தது.

"ஒயரப் புடுங்கி வுடுங்க!" என்று போனில் முதலாளி கத்தினார்.

அக்கா பிளக்குக்கு முன்னால் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார். "உசுரு இருக்குதுங்க. இருந்தாத்தான் ஃபைலப் புடிச்சிருக்கும்."

"தக்காளி அழுகிப் போவுதும்மா!" என்றார் ஒரு விவசாயி.

"இது செத்தா காலையில போட்ட எடையெல்லாம் போயிருங்கண்ணா. கொஞ்சம் இருங்க."

திரையைப் பார்த்தார், ஒயர்களைப் பார்த்தார், கடைசியில் பிரிண்டரைத் திறந்தார். உள்ளே ஒரு சீட்டு கசங்கிச் சிக்கியிருந்தது. ஹேர்பின்னால் நெம்பி எடுத்தார். அதுவரை பிரிண்டருக்காகக் காத்துக் கிடந்த புரோகிராம், சீட்டுகளைத் துப்பத் தொடங்கியது. லாரிக்காரர்கள் விசில் அடித்தார்கள்.

"நம்ம லினக்ஸா இருந்தா நீங்க அழிச்சிருப்பீங்க, அதுவும் வுட்டிருக்கும். ரெண்டு புரோகிராம் ஒரே கணக்குல எழுதி நாறியிருக்கும் தம்பி" என்றார் அக்கா.

விவசாயி சந்தோஷமாக ஒரு பை தக்காளி கொடுத்தார். அக்கா ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டார்.

இப்போது அவர் பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் இருக்கிறார். போன வாரம் போன் செய்து, "சர்வர் எப்படி இருக்குது தம்பி?" என்றார்.

"நின்னுபோச்சுங்கக்கா" என்றேன்.

அவ்வளவுதான். கேள்வி மேல் கேள்வியாக ஆரம்பித்துவிட்டார். நான் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சர்வர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.