மனைவி பெயரில் ஒரு வண்டு

காலையில் வண்டின் முதுகில் இருந்த சிவப்புப் புள்ளி மதியம் இல்லை. அருங்காட்சியகத்தின் வண்டு ஆய்வாளர் பூதக்கண்ணாடியைத் துடைத்தார், தன் மூக்குக்கண்ணாடியையும் துடைத்தார். வண்டு கன்னங்கரேலென்று கிடந்தது. படம் எடுக்குமுன் பிசுக்குப் போகட்டும் என்று அசிட்டோன் திரவத்தால் அதைத் துடைத்தவர் அவரேதான். அதற்காகப் பிறவிப் புள்ளியா போய்விடும்?

அது லேசுப்பட்ட புள்ளியல்ல. முப்பது வருஷ வேலையில் அவர் கண்டுபிடித்த ஒரே புது இனத்துக்கு அதுதான் அடையாளம். வெள்ளிக்கிழமை ஓய்வு பெறுகிறார். அதற்குள் வருணனையை எழுதி ஆராய்ச்சி இதழுக்கு அனுப்பி, வண்டுக்குத் தன் மனைவியின் பெயரை வைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். கல்யாண நாளைப் பதினோரு தடவை மறந்த மனிதர். இதையும் கைவிட்டால் வீட்டு வாசற்படி ஏற முடியாது. அந்த அம்மாளோ தன் இரண்டு தங்கைகளிடமும் பெருமையடித்தாயிற்று.

'செத்தபின் புள்ளி மறையும்' என்று எழுதிச் சமாளித்தார். இருந்தாலும் புள்ளியோடு ஒன்றாவது கையில் வேண்டுமே. முதல் வண்டு கிடைத்த, அருங்காட்சியகத்தின் பின்பக்கத் தோட்டத்துக்கே போய், முட்டி தேயத் தவழ்ந்து இன்னொன்றைப் பிடித்து வந்தார்.

அதற்கு இரண்டு புள்ளி.

சரி, ஒரு புள்ளி பெண், இரண்டு புள்ளி ஆண் என்று எழுதினார். அறுத்துப் பார்த்தால் இரண்டுமே பெண். தலை கிறுகிறுக்க மறுபடி தோட்டத்துக்குப் போனார். அடுத்து அகப்பட்டதற்கு மூன்று புள்ளி, அதில் ஒன்று கோணல். அப்படியானால் இனமே மூன்று போலிருக்கிறது என்று வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஒண்ணுக்கு உன் பேரு. மத்த ரெண்டுக்கு உன் தங்கச்சிங்க பேரை வெச்சிடட்டுமா?"

"எனக்கு எத்தனை புள்ளி?"

"ஒண்ணு."

"சின்னவளுக்கு?"

"மூணு."

"முப்பது வருஷமா உங்களோட குப்பை கொட்டினவளுக்கு ஒண்ணு, அவளுக்கு மூணா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

மனிதர் ராத்தூக்கம் இல்லாமல் புரண்டார். வியாழக்கிழமை முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றி எழுதினார். மூன்று புள்ளி மனைவிக்கு, ஒரு புள்ளி சின்ன மைத்துனிக்கு. சாயங்காலம் ஆராய்ச்சி இதழுக்கு அனுப்பி முடித்து, அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். சத்தியமாகச் சந்தோஷமாக இருந்தது.

கதவைத் தட்டிக்கொண்டு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். தோட்டத்தில் எத்தனை பூச்சி இருக்கிறது என்று கணக்கெடுக்கப் போன வாரம்தான் வேலைக்குச் சேர்ந்தவள்.

"சார், எண்ணின கருவண்டையே மறுபடி எண்ணிடக் கூடாதுன்னு, சிக்குற ஒவ்வொரு தடவையும் முதுகுல சிவப்பு நெயில் பாலிஷால ஒரு பொட்டு வெச்சு விட்டுட்டிருந்தேன், மூணு பொட்டு வாங்கின ஒண்ணை நேத்திலேருந்து காணோம், இந்தப் பக்கம் வந்துச்சா?"