பன்னிரண்டு கம்புகளும் என் உப்புத்தாளும்

தோலைக் கடித்துப் பார்த்து, அது மாட்டின் முதுகா வயிறா, அந்த மாடு வண்டி இழுத்ததா சும்மா மேய்ந்ததா என்று சொல்லக்கூடிய மனிதர் திருச்சி ஜில்லாவிலேயே ஒருவர்தான் இருந்தார். அவருக்குத் தோல் வியாபாரம் கிடையாது. அரியலூர் ஆபீசர்கள் கிளப்பில் பில்லியர்ட்ஸ் மேஜையைக் கவனித்துக்கொள்வது அவர் வேலை. பந்துகளை எடுத்து வைத்து, ஆட்டத்தின் எண்ணிக்கையைச் சொல்லி, ஆடும் கம்புகளைப் பராமரிப்பவரை மார்க்கர் என்பார்கள். இவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். நான் அங்கே இருந்த இரண்டு வருஷத்தில் அதை யாரும் உச்சரித்ததில்லை. மத்தியானச் சாப்பாடு கொண்டுவரும் அவர் மனைவிகூட வாசலில் நின்று, "மார்க்கரக் கூப்பிடுங்க" என்றுதான் சொல்வார்.

அப்போது யுத்த காலம். சுண்ணாம்புக் கல் தேடும் எங்கள் சர்வே ஆபீசுக்குக் கட்டடம் கிடைக்காமல், கிளப்பில் ஓர் அறையை வாங்கிக்கொண்டிருந்தோம். நான் படம் வரையப் பயிற்சி பெற்று வந்த டிரேசர். என் மேஜைக்கும் பில்லியர்ட்ஸ் மேஜைக்கும் நடுவே ஒரு கதவு. அதிலும் மேல்பாதி கண்ணாடி. எங்கள் இன்ஜினீயரே கிளப்புக்கும் காரியதரிசி. ஆகவே நான் கோடு போட்டுக்கொண்டே ஆட்டம் பார்ப்பதை அவர் கண்டிக்கவும் முடியாது. அவர் ஆடுவதைத்தான் நான் பார்த்தேன்.

மூன்று ஆட்டம் உண்டு. பில்லியர்ட்ஸுக்கு மூன்றே பந்து. ஸ்னூக்கருக்கு இருபத்திரண்டு பந்துகள், சந்தைக் கூட்டம் போல நெருக்கிக்கொண்டு நிற்கும். பூல் ஆட்டத்தில் ஆளுக்கு ஒரு நிறப் பந்து, மூன்று உயிர். உயிரெல்லாம் போனவர் பெஞ்சியில் போய் உட்கார வேண்டும். கம்பின் நுனியில் ஒரு சிறு தோல் வில்லை ஒட்டியிருக்கும். அதற்கு டிப்பு என்று பெயர். கம்பின் எடையும் டிப்பின் அகலமும் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும் என்பது உலக வழக்கம். ஆளுக்கு ஆள் மாறும் என்பது மார்க்கர் வழக்கம்.

டாக்டர் ஒருவர் புதிதாக மாற்றலாகி வந்தார். விஷயம் தெரிந்தவர் என்று காட்டுவதற்காக, கம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் உருட்டி, நேராக இருக்கிறதா என்று பார்த்தார்.

"எதுக்கு உருட்டுறீங்க ஐயா, சப்பாத்தியா? கம்பெல்லாம் நேராத்தான் இருக்கு. கையத்தான் இன்னும் பாக்கல" என்றார் மார்க்கர்.

"கையை நான் பார்க்கிறவன்ப்பா. நீ என்ன பார்க்கப் போறே?"

"காப்பி குடிங்க, சொல்றேன்."

காப்பி வந்தது. டாக்டர் குடித்துவிட்டு டம்ளரை வைத்த சத்தத்தில் என் மசிக்கூடு ஆடியது. மார்க்கர் பதினெட்டு அவுன்ஸ் கம்பு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். "இது கெட்டித் தோலுங்க. நீங்க அடிக்கிற அடிய இதுதான் தாங்கும். மூணு ஆட்டத்துக்கும் இதேதான். வேற கேக்காதீங்க."

அந்தக் கெட்டித் தோல் எங்கிருந்து வந்தது என்பது தனிக் கதை. யுத்தத்தால் சீமையிலிருந்து டிப்பு வருவது நின்றுவிட்டது. மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலையின் தோல் சால் கிழிந்துபோனால், அந்தத் தோலை வாங்கி, நனைத்து, இறுக்கிப் பிழிந்து மார்க்கரே மிருதுவான டிப்பு வெட்டினார். கெட்டி டிப்புக்குத்தான் தோல் அகப்படவில்லை. அந்தச் சமயம் பார்த்து சப்-மாஜிஸ்திரேட் புது பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கத்து அறையில் சீட்டாட உட்கார்ந்தார். எழுந்து வந்தபோது இரண்டு குதிகாலிலும் இரண்டிரண்டு ஓட்டை, அச்சு வைத்து வெட்டியது போல வட்டமாக.

"என்னய்யா இது? எலியா?"

"நாந்தாங்க. உங்க கால்ல இருந்தா தேஞ்சுதானே போவும் எஜமான்? கம்புல இருந்தா ஆடுமே."

மாஜிஸ்திரேட் தண்டனை யோசித்துக்கொண்டிருக்கும்போதே மார்க்கர் அந்தத் தோலை ஒட்டிய கம்பை அவர் கையில் கொடுத்தார். அன்று மாஜிஸ்திரேட் ஆடிய ஆட்டத்தை ஆயுசில் ஆடியதில்லை. வீட்டுக்குப் போகும்போது, "பழைய ஜோடி ஒண்ணு இருக்கு, வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எங்கள் அறைச் சுண்ணாம்புக் கல்லையும் மார்க்கர் விடவில்லை. பந்து வழுக்காமலிருக்க டிப்பில் தடவும் சாக் கட்டியும் கிடைக்காத காலம் அல்லவா? என் கல் மாதிரித் தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்துத் தடவினார். பந்து வழுக்கிக்கொண்டு ஓடியது. "இதுக்கா சர்க்காரு ஆபீசு போட்டிருக்கு? வெத்தலைக்குத்தான் ஆவும்" என்று திருப்பி வைத்தார். எனக்குச் சுருக்கென்றது. பிறகு நான் செய்த காரியத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஒருநாள் காரியதரிசி, "எதுக்கெடுத்தாலும் பட்டியல் போடுற பொண்ணாச்சே, கிளப் சாமானுக்கும் ஒண்ணு போடேம்மா" என்றார். நாற்காலி, விளக்கு, சீட்டுக்கட்டு எல்லாம் அரை மணியில் முடிந்தன. கம்புகளிடம் வந்து நின்றேன். பன்னிரண்டு. கல் எடை போடும் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்தேன். டிப்பின் விட்டத்தை அளவுகோலால் அளந்தேன். காலி டிப்பு டப்பாவுக்குள் ஓர் ஆங்கிலத் துண்டுத்தாள் கிடைத்தது. பில்லியர்ட்ஸுக்கு அகலமான மிருதுவான டிப்பு, ஸ்னூக்கருக்குக் குறுகலாக, நன்றாக உருண்டையாக, பூலுக்குக் கனமான கம்பு என்று அதில் போட்டிருந்தது. மார்க்கர் செய்வதோ நேர் எதிர். தாசில்தாருக்கு ஸ்னூக்கர் ஆடத் தட்டையான, பஞ்சு போன்ற டிப்பு! அட்டவணையில் ஆறு பத்தி போட்டு, கடைசிப் பத்திக்கு 'பிழை' என்று தலைப்பு வைத்தேன். பன்னிரண்டில் ஒன்பது பிழை. அதுவரை நான் ஒரு பந்தைக்கூடத் தொட்டதில்லை என்பதற்கு அட்டவணையில் பத்தி இல்லை.

காரியதரிசி படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இவன் இஷ்டத்துக்குத்தான் கொடுத்துட்டிருக்கானா? அதான் பெரம்பலூர்க்காரங்ககிட்ட வருஷா வருஷம் தோக்கறோம். இந்த ஞாயித்துக்கிழமையும் தோத்தா, திருச்சியிலேருந்து வேற மார்க்கரக் கொண்டாந்துடறேன்."

மார்க்கர் குடும்பம் இருந்தது கிளப்பின் பின்கட்டு அறையில். வேலை போனால் அறையும் போகும். மூன்று பெண் குழந்தைகள். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை அவர் தோல் வாங்கச் செந்துறைக்குப் போனார். நான் உப்புத்தாளை எடுத்தேன். யாரும் என்னைத் தேய்க்கச் சொல்லவில்லை. பெரம்பலூரை நம் ஆட்கள் ஜெயிக்கும்படி செய்து அவர் வேலையைக் காப்பாற்றத்தான் தேய்த்தேன் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. என் அட்டவணை சரி என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். தட்டை டிப்புகளை அரை ரூபாய் நாணயத்தின் வளைவுக்கு உருண்டையாகத் தேய்த்தேன். டாக்டர் கம்பிலிருந்த மாஜிஸ்திரேட்டின் குதிகாலைப் பெயர்த்துவிட்டு, பில்லியர்ட்ஸுக்கு ஏற்ற மிருதுவான தோலை வைத்து, படம் ஒட்டும் கோந்தால் ஒட்டினேன். பன்னிரண்டு கம்பும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல ஒரே மாதிரி நின்றன. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஞாயிறு மூன்று மணிக்குப் போட்டி. இரண்டரைக்கு மார்க்கர் பஸ்ஸிலிருந்து இறங்கி, தோல் மூட்டையோடு நேரே கம்புத் தாங்கிக்கு வந்தார். ஒரு டிப்பைக் கட்டைவிரலால் தடவினார். அடுத்ததைத் தடவினார். மூன்றாவதைத் தடவவில்லை. கீழே சிந்தியிருந்த தோல் தூளைக் குனிந்து பார்த்தார். பிறகு கண்ணாடிக் கதவு வழியாக என்னைப் பார்த்தார். என் விரல் நுனியெல்லாம் தோல் கறுப்பு. நான் பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன், அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தும்.

புது டிப்பு ஒட்டினால் ஒரு ராத்திரி காய வேண்டும். அவரிடம் இருந்தது அரை மணி.

"ஐயா, இன்னிக்கு பூப்பறிக்கிற மாதிரி அடிங்க" என்று டாக்டரிடம் கெஞ்சினார்.

"ஏன்ப்பா?"

"சும்மாதாங்க. ஒரு நாளைக்கு."

டாக்டர் மூன்று தடவை பூப் பறித்தார். நான்காவது தடவை அவர் சுபாவம் வந்துவிட்டது. டிப்பு பிய்த்துக்கொண்டு பறந்து, பெரம்பலூர் வக்கீலின் காப்பி டம்ளரில் விழுந்தது. அவர் அதை விரலால் எடுத்துப் பார்த்து, "காப்பிக்கு வடை வெப்பீங்கன்னு வந்தோம். அரியலூர்ல தோலுதானா?" என்றார். கூடம் குலுங்கியது.

தாசில்தாருக்குக் கை லேசாக நடுங்கும். பந்தின் நடுவில் அவரால் அடிக்க முடியாது. தட்டையான டிப்பு அதை மறைத்து வந்திருக்கிறது. நான் உருண்டையாகத் தேய்த்து வைத்த டிப்பு மறைக்கவில்லை. அவர் அடித்த பந்துகள், போக வேண்டிய இடத்தைத் தவிர மற்ற எல்லா ஊருக்கும் போயின. ஒன்று மேஜையைத் தாண்டி, தரையில் உருண்டு வந்து, என் அறைக் கதவை டொக்கென்று தட்டியது. நான் திறக்கவில்லை.

மூன்று ஆட்டமும் தோற்றோம். விருந்தாளிகள் சிரித்துக்கொண்டே பஸ் ஏறிய பிறகு காரியதரிசி வெடித்தார். "என்னய்யா பண்ணி வச்சிருக்கே கம்பையெல்லாம்?"

மார்க்கர் என் பக்கம் திரும்பவே இல்லை. "தோலு சரியில்லீங்க. கண்ணு ஏமாந்துடுச்சு."

நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். நாலடி. வாயைத் திறந்திருந்தால் போதும்.

மறுநாள் முதல் அவருக்கு டென்னிஸ் மைதானத்தில் உருளை இழுக்கும் வேலை, திருச்சி ஆள் வரும்வரை. மைதானம் என் ஜன்னலுக்கு நேர் எதிரே. நான் சொல்லாததற்குக் காரணங்களைப் பட்டியல் போட்டேன். ஒன்று, இந்த ஆபீசில் வேலைக்கு வந்த முதல் பெண் நான். இரண்டு, என்னை அனுப்பச் சம்மதித்த அண்ணனுக்குத் தலைகுனிவு. மூன்று, யாரும் என்னைக் கேட்கவில்லை. ஏழு வரை போனேன். ஒவ்வொன்றும் ரொம்ப நியாயமாக இருந்தது. உருளை கிறீச் கிறீச் என்று போய்வந்துகொண்டிருந்தது.

பதினோராம் நாள், வருகிறேன் என்று திருச்சி ஆளிடமிருந்து கடிதம் வந்தது. அன்று மத்தியானம் மார்க்கரின் மனைவி தூக்குப் பாத்திரத்தோடு வாசலில் நின்று, "மார்க்கரக் கூப்பிடுங்க" என்றார்.

பியூனுக்குக் குறும்பு. "இங்க மார்க்கர்னு யாரும் இல்லம்மா. திருச்சியிலேருந்துதான் வரணும். பேரச் சொல்லு, கூப்புடுறேன்."

அந்த அம்மாள் வாய் திறந்தார். மூடினார். புருஷன் பெயரை அவர் எப்படிச் சொல்வார்? இத்தனை வருஷம் கூப்பிட அவருக்கு இருந்தது அந்த ஒரு சொல்தான். பாத்திரத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு நின்றார். "அவங்கதான்... அந்த..." என்று மைதானத்தைக் காட்டினார்.

"எவங்க?" என்றான் பியூன்.

நான் காகிதம் எடுத்தேன். ஒன்று, கம்புகளைத் தேய்த்தது நான். இரண்டு, டாக்டர் டிப்பைப் பெயர்த்தது நான். மூன்று, ஒட்டிய கோந்து என்னுடையது. அடியில், இத்தனை நாள் சொல்லாததற்கான ஏழு காரணங்களையும் எழுதி, எட்டாவதாக ஒரு சொல் சேர்த்து, கையெழுத்துப் போட்டுக் காரியதரிசியிடம் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார்.

"எட்டாவதா என்ன எழுதியிருக்கே? 'கோழைத்தனம்'னா?"

"ஆமா சார்."

அவர் கோபித்துக்கொள்வார் என்று நின்றேன். "பதினோரு நாளா அந்த மனுஷன வெயில்ல உருளை இழுக்க வச்சிருக்கேனேம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, தொப்பிகூட வைக்காமல் மைதானத்துக்கு இறங்கிப் போனார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் மார்க்கர் திரும்பி வந்து, பன்னிரண்டு டிப்பையும் கிள்ளி எறிந்துவிட்டு, ஒரு வாய்த் தோலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் தடவையாக அந்தக் கதவைத் திறந்துகொண்டு அந்தப் பக்கம் போனேன்.

"ஏன் அன்னைக்கே நீங்க சொல்லலை?"

"என்னன்னு சொல்ல? ஒரு பொம்பளப்புள்ள என் கம்பையெல்லாம் தேச்சு முடிக்கிற வரைக்கும் நான் செந்துறையில தோலு கடிச்சிட்டிருந்தேன்னா? என் மானம் என்னங்கம்மா ஆவுறது?" தோலை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளினார். "அதுவுமில்லாம, நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

எதையாவது கேட்க வேண்டுமே என்று, "நான் ஆடினா எனக்கு என்ன டிப்பு கொடுப்பீங்க?" என்றேன்.

அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "உங்களுக்குக் கெட்டித் தோலுங்க. நீங்க அளந்து அளந்து ரொம்ப மெள்ளமா அடிப்பீங்க. மெள்ள அடிக்கிறவங்களுக்கு முனை கெட்டியா இருந்தாத்தான் பந்து போய்ச் சேரும்." பிறகு வாயிலிருந்த தோலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "பதினோரு நாளானாலும் சேந்துச்சில்ல? விடுங்க."

வேலை மாற்றலாகி நான் அரியலூரை விட்டபோது, ஸ்டேஷனுக்கு வந்து ஒரு தீப்பெட்டியைக் கொடுத்தார். உள்ளே ஒரே ஒரு டிப்பு, குதிகால் தோல். "ஆடாட்டியும் வச்சிருங்க" என்றார்.

என் கருவிப் பெட்டி மூடியில் உள்ளே இருக்கும் சாமான்களின் பட்டியல் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் அளவு. கடைசி வரியில் 'டிப்பு, ஒன்று' என்று எழுதியிருக்கிறேன். அதற்கு எதிரே இன்றுவரை ஒன்றுமில்லை. அதை மட்டும் நான் அளக்கவில்லை.