மேற்குச் சுவர் மான்மியம்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் காற்றின் ஆட்சி. மேற்கே மலைத்தொடர் நடுவில் அற்றுப்போய் வாயில்போலத் திறந்துகிடக்கும் கணவாயினுள், கடலின் ஈரத்தையெல்லாம் வாரிக்கொண்டு அது நுழையும். வயல்களைத் தடவி, தென்னைகளின் தலையைக் கலைத்து, மாநில எல்லையான கோபாலபுரத்துச் சோதனைச்சாவடியில் எவராலும் நிறுத்தப்படாமல் கிழக்கே கடந்து செல்லும். கூடவே சாரல். பெய்கிறது என்றும் சொல்ல இயலாது, ஓய்ந்தது என்றும் சொல்ல இயலாது. நேற்றுக் காயப்போட்ட வேட்டி இன்றும் கொடியில் கனத்துத் தொங்கும். வானம் காலைமுதல் மாலைவரை ஒரு முடிவுக்கும் வராமல் முனகிக்கொண்டிருக்கும். அத்தகைய மங்கற்பொழுதில் மாந்தர் உள்ளம் தானாகவே பெரும்பொருள்களை நோக்கித் திரும்பும்: பிறவி, வினை, வீட்டுக்கு அடிக்கும் பெயின்ட்.

இவற்றுள் முதல் இரண்டையும் முன்னோர் பாடி முடித்துவிட்டனர். மூன்றாவதை ஆராயும் பெருமை பொங்கியண்ணன் குடும்பத்துக்கென ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. மனிதன் குகையை விட்டு வெளியே வந்த நாள்தொட்டு இன்றுவரை, ஒரு சுவரின் நிறத்தைக் குறித்து இத்துணை ஆழ்ந்து சிந்தித்த குடும்பம் பிறிதொன்று இல்லை என்று துணிந்து கூறுவேன். பக்கத்துத் தோட்டத்துக்காரன் என்ற முறையிலும், வெள்ளிதோறும் மாகாளியம்மன் கோயிலில் பதிகம் ஓதுபவன் என்ற முறையிலும், அந்த ஆராய்ச்சியில் எனக்கும் ஓர் இருக்கை கிடைத்தது.

பொங்கியண்ணனின் வீடு தென்னந்தோப்பின் நடுவே நிற்கும் பழைய ஓட்டுவீடு. மண்சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு. அவருடைய திருவுளம் மாம்பழ மஞ்சள். அவருடைய மகன் மோகனசுந்தரத்தின் திருவுளம் சாம்பல். இரண்டும் நட்சத்திரமும் ராசியும் பொருந்தாத நிறங்கள்.

"சாம்பலா?" என்றார் பொங்கியண்ணன், முதற்கூட்டத்தில். "ஏன்டா, ஊட்டுக்குப் பெயின்ட் அடிக்கறயா, காரியம் பண்றயா?"

"கிரேங்கப்பா. ஒலகமே இப்ப கிரேதான். எறணாகுளத்துல போய்ப் பாருங்க, ஊடெல்லாம் எப்படிக் கம்முனு இருக்குதுன்னு."

"கம்முனு இருக்கறதுக்கு எதுக்குடா ஊடு?"

"மஞ்ச அடிச்சா மாம்பழ மண்டி மாதிரி இருக்கும்."

"மாம்பழத்துக்குப் பேர்போன மொதலமடை பக்கத்துலதான்டா இருக்கறோம். மாம்பழ மண்டி மாதிரிதான் இருக்கோணும்."

மருமகள் செல்வப்பிரியா நடுநிலையோடு கைபேசியை நீட்டினாள். அதில் வீட்டின் படம் இருந்தது. விரலை வலப்பக்கம் தள்ளினால் வீடு மஞ்சளாயிற்று; இடப்பக்கம் தள்ளினால் சாம்பலாயிற்று. மாமனார் வலப்பக்கம் தள்ளினார். மகன் இடப்பக்கம் தள்ளினான். வீடு நெடுநேரம் இருபுறமும் புரண்டது.

பிறகு என் கருத்து கேட்கப்பட்டது.

"மஞ்சள் அம்பிகைக்கு உரியது, சாம்பல் அவள் நாயகன் மேனியில் பூசியது," என்றேன். "ஒன்றை ஏற்று மற்றொன்றைத் தள்ளுவது தம்பதியைப் பிரிப்பதற்கு ஒப்பாகும்."

சபை மெய்சிலிர்த்தது. என் கருத்து 'ஒருமனதாக' ஏற்கப்பட்டு, அதன் காரணமாகவே முடிவு ஒத்திவைக்கப்பட்டது.

இவ்விடத்தில் காபி கொண்டுவந்த நாச்சம்மாளைப் பற்றியும் ஒரு சொல் சொல்லவேண்டும். அவர் பொங்கியண்ணனின் மனைவி. வீட்டின் மேற்கு அறை அவருடையது. சாமி படங்கள் அங்கேதான் இருந்தன. அவருடைய கட்டிலும் அங்கேதான், மேற்குச் சுவரை ஒட்டிக் கிடந்தது.

"ஏனுங்க," என்றார் நாச்சம்மாள், டம்ளரை வைத்தபடி. "அந்தப் பாத்தி ஒடஞ்சு தண்ணி பூராம் செவுத்து மேலயே எறங்குதுங்க. கலரு மெதுவாப் பாத்துக்கலாம். மொதல்ல அதை மாத்திப்போடலாமுங்களா?"

பாத்தி என்பது ஓட்டின் விளிம்பில் மழைநீரை ஏந்தி, சுவரில் படாமல் ஓரமாகக் கொண்டுபோய் விடும் தகரம். சென்ற ஆண்டு ஒரு தென்னைமட்டை விழுந்ததிலிருந்து அது தன் கடமையிலிருந்து ஓய்வுபெற்றிருந்தது.

"பாத்தி என்ன கலர்ல வாங்கறது?" என்று கேட்டான் மோகனசுந்தரம்.

"தகரத்துக்கு ஏதுடா கலரு?"

"இப்ப எல்லாம் கலர்லதாம்மா வருது. செவுத்துக்கு மேட்ச் ஆகோணும். செவுத்துக் கலரே முடிவாகாம பாத்தியை எப்படி வாங்கறது?"

பொங்கியண்ணன் முதன்முறையாக மகனை ஆமோதித்தார். "அவன் சொல்றது ஞாயந்தான் புள்ள."

தருக்க நூல் பயின்றவர்கள் இந்த நியாயத்தைக் கவனிக்க வேண்டும். நிறம் முடிவானால் பாத்தி வரும். பாத்தி வந்தால் சுவர் காயும். ஆகவே சுவர் காயவேண்டுமாயின் நிறத்தைப் பற்றி இன்னும் தீவிரமாகப் பேசவேண்டும். பேசினோம்.

*

அடுத்த வாரம் பாலக்காட்டிலிருந்து ஜோமோள் வந்தாள். பெயின்ட் கடையின் 'வண்ண ஆலோசகர்'. விசிறிபோல விரியும் அட்டைக்கட்டு ஒன்று அவள் கையில் இருந்தது. அதில் மஞ்சளே பல குலமாகவும் கோத்திரமாகவும் பிரிந்திருந்தது.

"அங்கிளே, ரெண்டும் நல்ல ஷேடாணு," என்றாள். "சாம்பிள் அடிச்சு நோக்காம்."

எந்தச் சுவரில் அடிப்பது? முன்சுவரில் அடித்தால் வருவோர் போவோர் கருத்துச் சொல்வர் என்று அஞ்சி மேற்குச் சுவர் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஜோமோள் அதை விரலால் தட்டினாள். விரல் நனைந்தது. மீண்டும் தட்டினாள். சுண்ணாம்பு சில்லாகப் பெயர்ந்து அவள் செருப்பில் விழுந்தது.

"இவிடெ ஈர்ப்பம் உண்டல்லோ. செவுரு முழுக்க ஈரம்."

"அதையேதான் கண்ணு நானும் சொல்றேன்," என்றார் நாச்சம்மாள், வாசற்படியிலிருந்து.

"பக்ஷே அது எங்க டிபார்ட்மென்ட் இல்ல ஆன்ட்டி. நாங்க கலர் மாத்திரம்."

தன் துறையின் எல்லையை இவ்வளவு தெளிவாக அறிந்த ஓர் அதிகாரியை நான் கண்டதில்லை. மஞ்சளில் ஒரு சதுரமும் சாம்பலில் ஒரு சதுரமும் அருகருகே பூசப்பட்டன. நாங்கள் தள்ளி நின்று பார்த்தோம். கண்ணைச் சுருக்கிப் பார்த்தோம். குடைபிடித்தபடி பார்த்தோம்.

சில நாளில் மஞ்சள் சதுரம் கொப்பளித்து உரிந்து விழுந்தது.

"பாத்தீங்களாப்பா? செவுரே வேண்டாங்குது," என்றான் மோகனசுந்தரம். பொங்கியண்ணன் அன்று சாப்பிடவில்லை.

அடுத்த சில நாளில் சாம்பல் சதுரம் உரிந்தது. பொங்கியண்ணன் இரண்டு வேளைக்கும் சேர்த்துச் சாப்பிட்டார்.

இரண்டும் மறுபடி பூசப்பட்டன. இரண்டும் மறுபடி உரிந்தன. எது முதலில் உரிகிறது என்பதை அறியச் செல்வப்பிரியா நாள்தோறும் படம் எடுத்து, 'நம்ம ஊடு' என்னும் வாட்ஸ்அப் குழுவில் இட்டாள். துபாயிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் உறவினர்கள் கட்சி பிரிந்தனர். மஞ்சளுக்காக ஒரு சித்தப்பா குழுவை விட்டே வெளியேறினார்.

"ஈரச்செவுத்துல எதுங்க ஒட்டும்?" என்றார் நாச்சம்மாள்.

"நீ செத்த கம்முனு இரு நாச்சா," என்றார் பொங்கியண்ணன், அன்பாகவே. "கலரு பேசிக்கிட்டு இருக்கறோமல்லொ."

நாச்சம்மாள் என் பக்கம் திரும்பினார். "அண்ணா, நீங்களாச்சும் சொல்லுங்க. ராத்திரி படுத்தா செவுரு முதுவுல சில்லுனு படுது. கட்டலைத் தள்ளிப்போட்டாலும் மண்ணு கொட்டுது."

நான் சற்று ஆலோசித்து, ஈரம் என்பது கருணைக்கு அடையாளம் என்றும், நெஞ்சில் ஈரம் இல்லாதாரைப் பழம்பாடல்கள் இகழ்கின்றன என்றும் எடுத்துரைத்தேன். நாச்சம்மாள் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனார். என் விளக்கத்தில் அவர் முழு நிறைவு எய்தினார் என்றே கொண்டேன்.

*

மனிதரால் முடியாததைத் தெய்வத்திடம் விடுவது எங்கள் மரபு. கிணறு வெட்டுவதற்கும் பெண் கொடுப்பதற்கும் அம்மனிடம் பூக்கேட்போம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும்படி வாழையிலையில் கட்டி அம்மன் காலடியில் வைக்கவேண்டும். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை.

"அம்மன் சரிங்கும், இல்லேங்கும்," என்றார் பூசாரி. "மஞ்சளா சாம்பலான்னெல்லாம் கேட்டா எனக்குத் தெரியாதுங்க. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லீங்க."

"மஞ்ச அடிக்கலாமான்னு கேளுங்க," என்றார் பொங்கியண்ணன்.

"அதெப்படி? சாம்பல் அடிக்கலாமான்னு கேக்கோணும்," என்றான் மகன்.

கேள்வியை வகுப்பதற்கே ஒரு முற்பகல் கழிந்தது. இறுதியில் மஞ்சளுக்கு வெள்ளை, சாம்பலுக்குச் சிவப்பு என உடன்படிக்கை ஏற்பட்டது. பொட்டலம் கட்டும் பொறுப்பு நாச்சம்மாளுக்கு. இரு கட்சியும் ஒருசேர நம்பிய ஒரே ஆள் அவர்தான். இவ்வளவு நாளில் எந்த நிறத்தைப் பற்றியும் அவர் வாய்திறந்ததில்லை.

வெள்ளிக்கிழமை. தீபாராதனை முடிந்தது. பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். பிரித்த கை அப்படியே நின்றது.

உள்ளே பூ இல்லை. ஈர மண் இருந்தது.

மற்றொன்றைப் பிரித்தார். அதிலும் ஈர மண்.

நாச்சம்மாள் கைகூப்பியபடியே பேசினார். "நாந்தாங்க வெச்சேன். நம்ம மேக்காலச் செவுத்து மண்ணுங்க. தோண்டக்கூட வேண்டீதில்ல, வழிச்சாக் கையோட வருது. ஊட்டுல யாருகிட்டச் சொல்லியும் ஆகல. அம்மங்கிட்டயாச்சும் காட்டலாமுன்னு வெச்சேன்."

பொங்கியண்ணனின் கண்கள் கலங்கின. தழுதழுத்த குரலில் அவர் சொன்னார்:

"மண்ணுக் கலரு."

"ஆமாங்கப்பா," என்றான் மோகனசுந்தரம் மெல்ல. "மஞ்சளும் வேண்டாம், சாம்பலும் வேண்டாம்னு அம்மனே சொல்லிருச்சு."

"டெரகோட்டா," என்றாள் செல்வப்பிரியா, கைபேசியைத் தடவியபடி. "அத்தை, சூப்பர் சாய்ஸுங்க அத்தை."

தந்தையும் மகனும் சன்னிதியிலேயே கட்டிக்கொண்டனர். மண்ணின் நிறமே நிலமகளின் நிறம் என்று நானும் என் பங்குக்கு ஓரிரு சொல் கூறினேன். பூசாரி மட்டும் அந்த மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அதையும் நாச்சம்மாளையும் மாறிமாறிப் பார்த்தார். அவர் படிப்பறிவு இல்லாதவர்.

"அப்பப் பாத்தியை நாளைக்கே வாங்கிரலாமுங்களா?" என்று கேட்டார் நாச்சம்மாள்.

"டெரகோட்டாக் கலர்ல பாத்தி ஆர்டர் போட்டுத்தாம்மா வரவைக்கோணும்."

*

ஜோமோள் மூன்றாம் நிறத்தோடு வருவதாகச் சொன்ன காலை. சாரல் விடாமல் அடித்தது. முற்றத்தில் கூடி அவளுக்காகக் காத்திருந்தோம்.

சுவர் விழுந்தது என்று சொல்வது அதன் பண்புக்கு இழுக்கு. அது அமர்ந்தது. நெடுநாள் நின்று களைத்த ஒருவர், இனி எவரும் 'உட்காருங்கள்' என்று சொல்லப்போவதில்லை எனத் தெளிந்து, தானே மெல்ல உட்கார்வதுபோல அமர்ந்தது. பின்னாலேயே ஓடுகள் சரிந்தன. கட்டில் இருந்த இடத்தில் மண்குவியல் இருந்தது.

"நாச்சா," என்றார் பொங்கியண்ணன். "நாச்சா. ஏ நாச்சா."

வெறுங்கையால் மண்ணை வாரத் தொடங்கினார். மோகனசுந்தரம் உடைந்த ஓடுகளை இழுத்து எறிந்தான். அவன் கையில் இரத்தம் வந்தது. அப்போது மட்டும் அது என்ன நிறம் என்று எவரும் பார்க்கவில்லை.

"ஏனுங்க, என்னத்தத் தேடறீங்க?"

மாட்டுத்தொழுவத்து வாயிலில், பால்சொம்போடு நாச்சம்மாள் நின்றிருந்தார்.

பொங்கியண்ணன் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மண் அப்பிய கையால் கண்ணைத் துடைக்கப்போய் முகமெல்லாம் மண்ணாயிற்று. மோகனசுந்தரம் தாயின் தோளில் தலைவைத்து விம்மினான். இதயமுள்ள குடும்பம் என்று நான் முன்பே அறிவேன்.

சற்றுப்பொறுத்து அவன் தலையை நிமிர்த்தினான்.

"செவுத்தை ஒடனே கட்டீரோணும்ப்பா. இனி ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது."

"ஒடனே கட்டீரோணும்," என்றார் பொங்கியண்ணன், எழுந்தபடி. "நல்ல செங்கல்லாப் பாத்து."

"செங்கல்லா? இப்பெல்லாம் ஹாலோ பிளாக்குதானுங்கப்பா."

"ஹாலோவா? உள்ள ஒண்ணுமே இருக்காதேடா."

"அதுதாம்ப்பா டெக்னாலஜி."

செல்வப்பிரியா கைபேசியை எடுத்தாள். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தனர். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

நாச்சம்மாள் மண்குவியலில் இறங்கி, கைவிட்டுத் துழாவி, அம்மன் படத்தை எடுத்தார். கண்ணாடி உடைந்திருந்தது. சில்லுகளை உதறி, முந்தானையால் அம்மனின் முகத்தைத் துடைத்தார். தொழுவத்துக்குள் கொண்டுபோய் மாடத்தில் வைத்தார். அந்த வளாகத்திலேயே நனையாத சுவர் தொழுவத்துச் சுவர்தான்; என்ன நிறம் பூசலாம் என்று அதைப் பற்றி எவரும் யோசித்ததில்லை. அகலில் எண்ணெய் வார்த்து, காற்றுக்கு உள்ளங்கையை அணைகொடுத்து விளக்கேற்றினார். சுடர் ஒருமுறை படுத்து, நிமிர்ந்து நின்றது.

பிறகு எங்களை அழைத்தார். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் பாதியில் நிற்க, வரிசையாகப் போய்த் தலைகுனிந்து நின்றோம். ஒவ்வொருவர் நெற்றியிலும் திருநீறு இட்டார். எனக்குக் கடைசியில், சற்றே அழுத்தி இட்டார். அம்மன் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

"எல்லாரும் நல்லா இருக்கோணும் தாயே. இவிங்களுக்குக் கண்ணை நல்லா வெச்சுட்டே. கொஞ்சம் காதும் வெச்சுரு."