நல்லம்மாவின் வலது கை

பிள்ளையை எடுத்தால் போன் விழுந்தது. போனை எடுத்தால் பிள்ளை அழுதது. இரண்டுக்கும் நடுவில் நல்லம்மா விழித்துக்கொண்டு நின்றாள். கொழும்புக்காரர்களின் கூட்டம் தொடங்க இன்னும் இருபது நிமிஷம்தான் இருந்தது.

தெமோதரைக்கு மேலே, தேயிலை மலைக்கு நடுவில் இருக்கிற அந்தப் பிள்ளைக் காம்பராவை நல்லம்மா இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்து வருகிறாள். காலையில் கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை அவளிடம் விட்டுவிட்டுத்தான் மலை ஏறுவார்கள். உள்ளே நுழைந்தால் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். நல்லம்மாவின் கைபட்ட தொட்டிலில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் முழித்திருந்த பிள்ளை அந்தத் தோட்டத்திலேயே கிடையாது.

பத்து மாத மதுஷா ஒருத்தி மட்டும் விதிவிலக்கு. அவளுக்குத் தொட்டில் என்றாலே ஆகாது. நல்லம்மாவின் இடது இடுப்புதான் அவளுக்குச் சிம்மாசனம். ஆகவே நல்லம்மாவுக்கு மிச்சம் இருந்தது வலது கை ஒன்றுதான். கஞ்சி கிண்டுவது, மூக்குத் துடைப்பது, தொட்டில் ஆட்டுவது எல்லாம் அந்தக் கைதான். அவளுடைய பழைய குட்டிப் போனும் அந்தக் கைக்குள்ளேயே அடங்கியது. கட்டைவிரல் மூலைக்கு மூலை போய் வரும்.

அதற்குத்தான் வந்தது கேடு. நான்கு மாதத்துக்கு முன் கம்பனி தன்னுடைய தோட்டங்களின் பிள்ளைக் காம்பராக்களுக்கெல்லாம் ஒவ்வொரு புதுப் போன் கொடுத்தது. போன் என்று சொல்லிக் கொடுத்ததால் போன். சொல்லாமல் கொடுத்திருந்தால், கஞ்சி காய்ச்சுகிற ராசம்மா அதை ரொட்டி தட்டுகிற பலகை என்று அடுப்படியில் வைத்திருப்பாள்.

பிள்ளைகள் சாப்பிடுவதையும் விளையாடுவதையும் தினமும் அதில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். நல்லம்மாவும் விடாமல் அனுப்பினாள். ஒரு நாள் அவளுடைய காது போனது. இன்னொரு நாள் மதுஷாவின் பாதம் போனது. மற்ற நாளெல்லாம் கூரைதான். அந்தக் காம்பராவின் கூரைத் தகரத்தில் எத்தனை ஓட்டை என்பது கம்பனிக்கு இப்போது அத்துப்படி. பிள்ளைகளின் முகம் மட்டும் தெரியாது.

நலன்புரி அதிகாரி அனுஷன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கெட்டவன் அல்ல. ஆனால் பெரிய திரைதான் வேண்டும் என்று கம்பனிக்கு எழுதிக் கேட்டு வாங்கியவனே அவன்தான். அதனால் அந்தப் போனைப் பற்றிக் குறை சொன்னால் தன் வீட்டுப் பெண்ணைக் குறை சொன்ன மாதிரி முகம் சுருங்குவான்.

"பெரிசெண்டால்தானே அக்கா எழுத்து வடிவாத் தெரியும். பின்னேரம் தாய்மார் எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம்."

"பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு சேர். புடிக்கத்தான் முடியல."

"ரெண்டு கையாலயும் பிடியுங்கோவன்."

"அப்ப புள்ளைய?"

அதற்குப் பதில் கம்பனியிடம் இருந்தது. இன்றைக்கு இரண்டு மணிக்கு அதிகாரிகள் அந்தப் போன் வழியாகவே நல்லம்மாவைப் பார்ப்பார்கள். போனைக் கையாளத் தெரியவில்லை என்றால் அவளை மறுபடியும் கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பிவிட்டு, படித்த இளம்பெண் ஒருத்தியைக் காம்பராவில் போடுவார்கள்.

ஐம்பத்து மூன்று வயது முழங்காலை அந்த மலை என்ன பாடுபடுத்தும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவதை நினைத்தபோதே நல்லம்மா மதுஷாவை இடுப்பில் இன்னும் மேலே ஏற்றிக்கொண்டாள்.

"ஒருக்கா பழகிப் பாருங்கோ," என்றான் கூட்டத்துக்காகக் காம்பராவுக்கு வந்திருந்த அனுஷன். "அந்த மேல் மூலையில இருக்கிறதை அமத்துங்கோ."

நல்லம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலை மேல் மூலைக்கு நீட்டினாள். விரல் போய்ச் சேருவதற்குள் போன் கையிலிருந்து நழுவி, ஒரு குட்டிக்கரணம் அடித்து, ஆறவைத்திருந்த கஞ்சிச் சட்டிக்குள் இறங்கியது.

ராசம்மா அகப்பையால் துழாவித் தூக்கினாள். "உசுரு இருக்கா பாருங்கக்கா."

இருந்தது. அதைத் துடைக்க இரண்டு கை வேண்டுமே என்று நல்லம்மா மதுஷாவைப் பாயில் இறக்கினாள். மதுஷா வீரிட்டாள். ஒன்று அழுதால் மற்றதெல்லாம் துணைக்கு அழுவது பிள்ளைக் காம்பரா தர்மம். பதினொரு பிள்ளைகளும் ஒரே குரலில் தொடங்க, எதிர் மலையில் கொழுந்து பறித்த தாய்மார் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பதறிப்போய் மதுஷாவைத் தூக்கிக்கொண்டு, துடைத்தும் துடைக்காததுமாகப் போனைப் பிள்ளைகள் உட்காருகிற குட்டை வாங்கில் சாய்த்து வைத்தாள். அழுகை நின்றது. ஏன் நின்றது என்று திரும்பிப் பார்த்தால், தவழ்கிறதும் நடக்கிறதுமாக எல்லாம் வாங்கைச் சூழ்ந்து நின்று போனில் ஒட்டியிருந்த கஞ்சியை நக்கிக்கொண்டிருந்தன. கூட்டத்துக்கான அழைப்பு ஐந்து நிமிஷம் முந்தியே வந்தது. அதற்குப் பதில் சொன்னது ஒரு நாக்கு.

கொழும்பில், கூட்ட அறையின் சுவர் முழுக்க அந்த நாக்கு தெரிந்தது.

"வணக்கம், நான் ஜெமீலா. இங்க உள்ளவங்களுக்கு நான்தான் தமிழ மொழிபெயர்த்துச் சொல்லுவேன்," என்றது ஒரு பெண் குரல். "இது என்னன்னு பெரியவர் கேக்குறாரு."

"நாக்குங்க," என்றாள் நல்லம்மா. பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

அனுஷன் தலையில் கை வைத்தான். "உயரத்தில வையுங்கோ அக்கா! பிள்ளையளுக்கு எட்டாத இடத்தில!"

எட்டாத இடம் என்று அங்கே ஒன்றுதான் உண்டு. மதுஷா படுக்க மறுத்த தொட்டில் காலியாகத் தொங்கியது. நல்லம்மா போனை அதற்குள் நிமிர்த்தி வைத்து, கொழுந்துக் கூடைக் கயிற்றால் ஒற்றைக் கையாலேயே இழுத்துக் கட்டினாள். நாக்கு மறைந்து அவள் முகம் பளிச்சென்று தெரிந்தது. நான்கு மாதத்தில் முதல் தடவையாகக் கம்பனி ஒரு முழு முகத்தைப் பார்த்தது.

அவளுக்கும் அவர்கள் தெரிந்தார்கள். நீள மேசையைச் சுற்றி, மத்தியானச் சோற்றை முடித்துவிட்டு வந்த ஒன்பது அதிகாரிகள். நடுவில் சிவந்த கண்ணோடு பெரியவர். பக்கத்தில் ஜெமீலா.

"போன்ல உங்களுக்கு என்ன கஷ்டம்னு பெரியவர் கேக்குறாரு."

நல்லம்மா தொண்டையைச் செருமினாள். இடுப்பில் மதுஷா. வலது கை மட்டும் சும்மா இருந்தது. சும்மா தொங்குகிற தொட்டிலை அந்தக் கை இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்ததே இல்லை. அது தன் பாட்டில் போய்த் தொட்டிலைப் பிடித்து ஆட்டத் தொடங்கியது.

"ஐயா, பெரிய போனு பாக்க நல்லாருக்கு, இல்லேங்கல. ஆனா புள்ள பாக்குறவளுக்கு ஒரு கைதான் சொந்தம். மத்தது புள்ளையோடது. ரெண்டு கையையும் போனுக்குக் குடுத்துட்டா புள்ளைய எந்தக் கையால தூக்குறது? ஒரு கைக்கு அடக்கமா ஒரு போனு குடுங்க. கூரை இல்லாம படம் அனுப்புறேன்."

அவ்வளவையும் அவள் கோபமாகத்தான் சொல்ல நினைத்தாள். கை ஆடுகிற தாளத்துக்குக் குரலும் இழுபட்டுப் போய், அது பாதி வழியிலேயே தாலாட்டு ராகத்துக்கு வந்துவிட்டது.

அனுஷன் கதவோரம் நின்று, ஆட்டாதே ஆட்டாதே என்று இரண்டு கையாலும் காற்றில் சைகை காட்டினான். மதுஷா சிணுங்குகிறாளாக்கும், அமர்த்தச் சொல்கிறான் என்று நினைத்த நல்லம்மா, "ஆராரோ..." என்று மெல்ல ராகத்தையும் சேர்த்துக்கொண்டாள்.

ஜெமீலா அவள் சொன்னதைச் சிங்களத்தில் சொன்னாள். பெரியவர் ஏதோ இரண்டு வார்த்தை முனகினார். ஜெமீலா அதைக் குறித்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போனாள்.

முதலில் ஓரத்தில் இருந்தவர் தலையைக் குனிந்தார். பிறகு அவருக்குப் பக்கத்தில் இருந்தவர். ஒவ்வொருவராகக் குனிந்து, கடைசியில் பெரியவரும் நாடியை நெஞ்சில் சேர்த்துக்கொண்டார்.

"முடிஞ்சுது," என்று அனுஷன் கிசுகிசுத்தான். "உங்கட முகத்தைப் பார்க்கவும் விருப்பமில்லாமல் தலையைக் குனிஞ்சிட்டினம். நான்தான் அக்கா உங்களுக்கு இந்த வினையைத் தேடித் தந்தது."

நல்லம்மாவுக்குக் கண் நிறைந்தது. மதுஷாவை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள். ஆனாலும் தலை குனியவில்லை.

"சொல்ல வேண்டியத சொல்லிட்டேன் சேர். மலைக்கு அனுப்புனா போறேன். அது வரைக்கும் இதுங்கள நான்தான் பாப்பேன்."

வலது கை மட்டும் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் ஆட்டிக்கொண்டே இருந்தது.

அனுஷனின் சட்டைப் பையில் அவனுடைய போன் அதிர்ந்தது. ஜெமீலாதான். அவன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான்.

"சேர், கடிதம் டைப் பண்ணிட்டு இப்பதான் கூட்ட அறை வாசலுக்கு வந்தேன். நல்லம்மா அக்கா அங்கயேதான் இருப்பாங்க. எல்லாப் பிள்ளைக் காம்பராவுக்கும் ஒரு கையில பிடிக்கிற சின்னப் போன் வருது. இந்தப் பெரிச சுவத்துல மாட்டிடுங்க, பின்னேரம் தாய்மார் பாக்கட்டும். 'அந்தம்மா கேட்டதக் குடுங்க'ன்னு பெரியவர் சொல்லிட்டாரு."

"வெண்டிட்டியள் அக்கா!" என்று அனுஷன் துள்ளினான். தோற்றவன் தான்தான் என்பதே அவனுக்கு மறந்துபோயிற்று. நல்லம்மா சிரித்தாள், அழுதாள், மதுஷாவை முத்தமிடக் குனிந்தாள். அவளோ நல்லம்மாவின் தோளில் வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருந்தாள். ராசம்மா அகப்பையை உயர்த்திக் குலவை போட வாயெடுத்தாள்.

"ஐயோ, சத்தம் வேணாம்!" என்று ஜெமீலா பதறினாள்.

"ஏன்?" என்றான் அனுஷன். "அப்ப அங்க ஏன் எல்லாரும் தலையைக் குனிஞ்சுகொண்டு இருக்கினம்?"

ஜெமீலாவின் குரல் இன்னும் தாழ்ந்தது.

"பெரியவரோட சேத்து ஒம்பது பேரும் நல்ல தூக்கம் சேர், அந்தத் தொட்டில மட்டும் நிப்பாட்டிற வேணாம்னு அக்காகிட்ட சொல்லுங்க."