மலேரியா இல்லாத காட்டில் இரண்டு இரவுகள்

இந்தக் கதையில் அநியாயம் செய்யப்பட்டவள் கெனலெமாங். செய்தவர் அவளுடைய கணவர் மொட்சுமி. பதினொரு வருஷம் அடுத்தவர்களுக்குப் படுக்கை விரித்ததற்காக அவளுக்குக் கிடைத்த இரண்டு நாள் சொகுசை, அவளையே தேதி குறிக்கச் சொல்லி, அவளையே பெட்டி கட்டச் சொல்லி, தன் நண்பரோடு அனுபவிக்கக் கிளம்பினார். இதற்குப் பெயர் அநியாயம் என்று மொட்சுமி கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. 'ஏற்பாடு' என்றார்.

அவர் தரப்பையும் கேட்டுவிடுவோம். கேட்டால் கோபம் இன்னும் கூடும். கூடட்டும்.

மரிக்கோ ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஊர். அந்தப் பக்கம் மின்சார வேலி. வேலிக்குள் விலங்குக் காப்பகம், காப்பகத்துக்குள் விடுதி. விடுதியின் விளம்பரப் பலகையில் யானைக்கும் சிங்கத்துக்கும் மேலே கொட்டை எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'இங்கே மலேரியா கிடையாது.' கொசுவுக்கு அனுமதி இல்லை என்று பொருள். ஊர்க்காரர்களுக்கும் இல்லைதான், ஆனால் அதை எழுதிப் போடவில்லை. துடைப்பத்தோடு வந்தால் மட்டும் வாசல் திறக்கும்.

கெனலெமாங் துடைப்பத்தோடு போனவள். விருந்தினர்கள் வந்து இறங்கியதும் பெயர் கேட்கமாட்டார்கள், மலேரியா உண்டா என்று கேட்பார்கள். "இல்லைம்மா" என்பாள். பதினொரு வருஷத்தில் அந்த 'இல்லைம்மா'வை எத்தனை ஆயிரம் தடவை சொன்னாளோ. குளியல் துண்டை மடித்துக் கட்டிலின் மேல் யானை செய்து வைப்பாள். அவள் செய்த யானைகள் காட்டில் இருப்பவற்றைவிட அதிகம். நிஜ யானையை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாள், இரண்டு தடவையும் பின்பக்கம். வேலைக்காரர்களை ஏற்றிப்போகும் லாரிக்கு நாலு பக்கமும் தார்ப்பாய். சிங்கம்? துணி துவைக்கும் அறை ஜன்னல் வழியாக ஒருமுறை வால் தெரிந்தது. வால்தானா என்று இன்றைக்கும் அவளுக்குச் சந்தேகம்.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் ஒரு கட்டில். அதில் மொட்சுமி. காலையில் அவள் விரிப்பை மாற்றும்போது அவர் எழுந்திருக்கமாட்டார். வலது காலைத் தூக்குவார். அவள் அந்தப் பக்கம் இழுத்துச் செருகுவாள். பிறகு இடது கால். இருபத்திரண்டு வருஷமாக இது நடக்கிறது. தன்னால் முடிந்த ஒத்தாசை என்று அவர் நினைத்தார்.

மொட்சுமி என்றால் அவர்கள் மொழியில் வேட்டைக்காரன். ஊர்க் குடிநீர்க் குழாயை வாரம் இரண்டு முறை திறந்து மூடுவது அவர் உத்தியோகம். ஊர்த் தலைவரின் சபையில் தனக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்பது அவர் லட்சியம். சபையின் செயலாளர் செபேகோ மனசு வைத்தால் நாற்காலி நிச்சயம். ஆகவே கெனலெமாங் ஏப்ரல் மாதம் ஒரு கடிதத்தோடு வீட்டுக்கு வந்து, "விடுதியில குடுத்தாங்க. ரெண்டு பேர், ரெண்டு ராத்திரி. விருந்தாளியா வந்து தங்கலாமாம். பதினோரு வருஷத்துக்காக" என்று சொன்னபோது, மொட்சுமியின் கண்ணில் சிங்கம் தெரியவில்லை. நாற்காலிதான் தெரிந்தது.

"ரொம்ப நல்லது. நானும் செபேகோவும் போறோம்."

அவள் கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "ரெண்டு பேருன்னா நீங்களும் நானும்னு..."

"நீயா?" அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நடித்திருந்தால்கூட மன்னிக்கலாம். பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிடுவார். "லொராட்டோ அம்மா, நீ தினமும் அங்கதானே இருக்க? தினமும் பாக்கறதுதானே? உனக்கு அங்க பாக்கறதுக்கு என்ன இருக்கு?"

கெனலெமாங் பாத்திரத்தை மறுபடி கையில் எடுத்தாள். மனைவி பேசாமல் இருந்தால் சம்மதம் என்று மொட்சுமிக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். விடுதியிலிருந்து வந்திருந்த விண்ணப்பத் தாளை அவளிடம் நீட்டினார்.

"இதை நீயே எழுதிடு. தேதியும் நீயே பாத்துப் போடு."

"படிச்சுப் பாக்கலையா?"

"நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்."

இது பெருந்தன்மை இல்லை. மொட்சுமிக்குப் படிக்கக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி போட்டால் வயது தெரிந்துவிடும். அதனால் எந்தத் தாளையும் அவர் படிப்பதில்லை, காட்டுவார். ஜூலை இரண்டாவது வெள்ளிக்கிழமை முதல் இரண்டு இரவு என்று ஜூன் பாதிக்கு மேல் விடுதி உறுதிச் சீட்டு அனுப்பியது. அங்கே ஜூலை குளிர்காலம். அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். குழாயடியிலும் சபை மரத்தடியிலும் பையைத் தட்டித் தட்டிக் காட்டினார். ஊர் முழுக்க அந்தச் சீட்டைப் பார்த்தது, மடித்தபடியே.

அதற்குப் பின் மூன்று வாரம் வீட்டில் திட்டமிடல். தொப்பி வந்தது. இரவல் தொலைநோக்கி வந்தது. அதை வைத்துப் பின்கட்டில் நின்று தன் ஆடுகளையே பார்த்து, "பிரமாதம்" என்றார். பிறகு ஒரு நாள் பீதி வந்தது.

"லொராட்டோ அம்மா, நம்ம கொசுவலை எங்க?"

"எந்தக் கொசுவலை?"

"இல்லவே இல்லையா? காட்டுக்குப் போறேன், கொசுவலை இல்லாமலா?"

"நாப்பத்தொம்பது வருஷமா இந்த ஊர்ல இருக்கீங்க. என்னிக்காவது மலேரியா வந்துதா?"

"இங்க வரல. அது வேற, இது வேற."

"நடுவுல ஒரு கம்பி வேலி. கொசு அதுல உக்காந்து, உள்ள போகலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டா இருக்கும்? அதுவும் ஜூலை மாசக் குளிர்ல?"

"வெள்ளைக்காரன் அவ்வளவு தூரத்திலேருந்து வந்து முதல்ல அதைத்தான் கேக்கறான். ஒண்ணுமில்லாமலா கேப்பான்?"

"கேக்கறாங்க. இல்லைன்னு நான்தானே பதில் சொல்றேன்."

"நீ வேலைக்காரி. வேற என்ன சொல்லுவ?"

வாயிலிருந்து வந்த வார்த்தை அவருக்கே கொஞ்சம் பெரிதாகப் பட்டிருக்க வேண்டும். தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டார். கெனலெமாங் கொஞ்ச நேரம் அவர் முதுகைப் பார்த்தாள். பிறகு, எதுவும் நடக்காததுபோல, வேறு விஷயம் கேட்டாள்.

"கொமோட்சோ கேக்கறா. வரோனா விஷயமா மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன பதில் எழுதறதுன்னு."

கொமோட்சோ அவருடைய தங்கை. வரோனா தங்கை மகள். அங்கே கல்யாணப் பேச்சில் தாய்மாமன் உட்காராமல் யாரும் வாயைத் திறக்க முடியாது. அப்பன் இருக்கலாம், பெரியப்பன் இருக்கலாம். மாமன் இல்லை என்றால் வந்தவர்கள் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். இந்த உரிமை ஒன்றுதான் மொட்சுமிக்கு வாழ்க்கையில் பிரயத்தனம் இல்லாமல் கிடைத்தது. அதனால் சும்மா விடுவாரா? பேச நாள் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் அவர் பெயருக்கு மூன்று கடிதம் எழுதிவிட்டார்கள். மூன்றையும் பிரிக்காமல் அலமாரியில் போட்டார். இழுத்தடித்தால்தான் மாமனுக்கு மரியாதையாம். வரோனா ஏழு மாதமாக அழுதுகொண்டிருந்தாள். அழுகைக்கு அலமாரியில் இடம் இல்லை.

"என்னமோ எழுது" என்றார் மொட்சுமி, தொலைநோக்கியை எடுக்காமல். "இப்ப என்னைத் தொந்தரவு பண்ணாதே. அந்தக் கறுப்பு ஆடு நொண்டுது, பாரு."

"நான் எழுதறது உங்க வார்த்தைதானே? அப்புறம் மாத்த மாட்டீங்களே?"

"என் வார்த்தையை நான் என்னிக்கு மாத்தியிருக்கேன்?"

கெனலெமாங் எழுதினாள்.

வெள்ளிக்கிழமை காலை. மொட்சுமி தொப்பி போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றார். சட்டைப் பையில் சீட்டு, தோளில் புதுக் கொசுவலை. காலடியில் கெனலெமாங் கட்டிவைத்த பெட்டி. செபேகோவின் கார் வர வேண்டும்.

"கோ கோ!" என்று வேலிக்கு வெளியே குரல் கேட்டது. கதவைத் தட்டுவதற்குப் பதிலாக அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். வந்தது செபேகோ இல்லை, கொமோட்சோ. குளிருக்குக் கம்பளி போர்த்தி, முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே! தயாரா நிக்கறியே! தொப்பி வேறயா? உன்னைப் போய் அக்கறை இல்லாதவன்னு நெனச்சேனே, என் வாயில மண்ணைப் போட!"

"எதுக்குத் தயார்?"

"விளையாடாதே. நாளைக்கு விடியறப்ப மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. இன்னிக்கே பெரியவங்க எல்லாம் கூடி நமக்குள்ள பேசிக்கணும். மாடு அடிச்சாச்சு. இஞ்சித் தண்ணி ஊறுது."

"நாளைக்கா? யாரு சொன்னது?"

"நீதான் எழுதியிருந்தியே. ஜூலை ரெண்டாம் சனிக்கிழமை எனக்கு வசதின்னு. ஊர் பூரா அந்த நாளைக்கு நீ குழாய் வேலைக்கு லீவு போட்டுட்டேன்னு சொல்லிக்கிட்டிருக்கு. வரோனா அதைக் கேட்டு உன் போட்டோவை எடுத்துத் துடைச்சா, தெரியுமா?"

மொட்சுமி மனைவியைப் பார்த்தார். மனைவி கோழிகளுக்குச் சோளம் இறைத்துக்கொண்டிருந்தாள். கோழிகளிடம் அப்படி ஒரு கவனம்.

"அடுத்த வாரம் வரச் சொல்லு" என்றார்.

கொமோட்சோவின் சிரிப்பு நின்றது. "அண்ணே, ஏழு மாசம். இன்னும் ஒரு தடவை திருப்பி அனுப்பினா நான் நேரா தலைவர்கிட்டப் போவேன். மாமன் கடிதத்தைப் பிரிக்கவே மாட்டேங்கறான், இவனுக்குச் சபையில நாற்காலி ஒரு கேடான்னு கேப்பேன். பக்கத்துல அவங்க மாமனும் நிப்பாரு. சாட்சிக்கு."

"அவங்க மாமன் யாரு?"

"கடிதத்தைப் படிக்கலையா? செபேகோதானே!"

மொட்சுமி கைபேசியை எடுத்தார்.

"செபேகோ! நீ மாப்பிள்ளைக்கு மாமனா? ஏன்யா சொல்லல?"

"எப்படிச் சொல்றது?" செபேகோவின் குரலில் உலகத்துச் சோகமெல்லாம் இருந்தது. "பேச்சு முடியற வரைக்கும் ரெண்டு பக்கத்து மாமனும் தனியா அதைப் பத்தி வாயைத் திறக்கக் கூடாதே. நீ நாள் குறிக்காத வரைக்கும் எனக்கென்ன வந்துதுன்னு இருந்தேன். நேத்துத்தான் என் அக்கா வந்து சொன்னா. கோட்டுக்கு இஸ்திரி போடச் சொல்லிட்டா. நாளே குறிக்காம இழுத்தடிக்கறவனாச்சே நீ, இப்பப் போயா நல்லவன் ஆகணும்? நான் சிங்கத்துக்காகப் புது செருப்பு வாங்கினேன்யா!"

போனை வைத்தார். நாற்காலி மெல்ல மெல்ல நொண்டும் ஆடுபோல மனக்கண்ணிலிருந்து மறைந்தது.

"லொராட்டோ அம்மா, விடுதிக்குப் போன் பண்ணு. தேதியை மாத்து."

"மாத்த முடியாதுங்க. குறிச்சா குறிச்சதுதான். பதினோரு வருஷமா விருந்தாளிங்ககிட்ட நானே சொல்லியிருக்கேன்."

"அப்ப வீணாத்தான் போகும்!"

"வீணாகாது. சீட்டைப் பிரிச்சுப் பாருங்க."

மூன்று வாரத்தில் முதல் தடவையாக மொட்சுமி சீட்டைப் பிரித்தார். கையை நீட்டிப் பிடித்தார். போதவில்லை. தொலைநோக்கியைத் திருப்பி வைத்துப் பார்த்தார், அதுவும் உதவவில்லை. கடைசியில் கொமோட்சோ வாங்கி, உரக்கப் படித்தாள். விருந்தினர் இருவர். ஒன்று, கெனலெமாங். இரண்டு, செபேகோவின் மனைவி. விண்ணப்பம் எழுதிய தேதி மே மாதம்.

ஆக, அவர் பெயர் அந்தத் தாளில் ஒரு நாளும் இருந்ததே இல்லை. இல்லாத பெயரைத்தான் அவர் ஊர் முழுக்கத் தட்டிக் காட்டியிருந்தார்.

குனிந்து ஆத்திரத்தோடு பெட்டியைத் திறந்தார். மேலே ஒரு நீலப் பூப்போட்ட உடை. கீழே இன்னொன்று. அவருடைய ஒரே ஒரு காலுறைகூட இல்லை. இத்தனை வருஷத்தில் பெட்டி கட்டத் தெரிந்த மனிதராக இருந்திருந்தால் அவருக்கு நேற்றே தெரிந்திருக்கும். ஏன், ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் போதுமே.

"சமையல்?" என்றார். தோற்றவர்கள் கடைசியில் பிடித்துக்கொள்ளும் கட்டை அது. "பேச்சு நாள்ல மாமன் பொண்டாட்டி சமைக்காம யார் சமைப்பாங்க?"

"நாங்க பதினாறு பேர் இருக்கோம்" என்றாள் கொமோட்சோ. "அண்ணி, வண்டி வந்துடுச்சு, கிளம்புங்க. அண்ணே, அந்த வலையைக் கழட்டு. மாப்பிள்ளை வீட்டுக்காரன் பாத்தா நீ மீன் பிடிக்கப் போறேன்னு நெனப்பான்."

தெருவில் விடுதியின் கூரையில்லாத வண்டி நின்றது. தார்ப்பாய் இல்லாதது. செபேகோவின் மனைவி ஏற்கெனவே மேல் இருக்கையில் ஏறிக் கம்பளியைப் போர்த்திக்கொண்டிருந்தாள். வண்டி ஓட்டியவன் இறங்கி வந்து கெனலெமாங்கின் பெட்டியை வாங்கினான். வாங்க விட்டு, அவள் ஒரு கணம் தன் வெறும் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஏறினாள்.

பேச்சு சனி, ஞாயிறு இரண்டு நாள் நீண்டது. மொட்சுமி ஒரு பக்கம், செபேகோ எதிர்ப்பக்கம், இருவரும் தாழ்ந்த முக்காலியில். மொட்சுமி செபேகோவின் புதுச் செருப்பையும், செபேகோ மொட்சுமியின் தொப்பியையும் பார்க்காமல் பேசினார்கள். சம்பந்தம் முடிவாயிற்று. வரோனா சிரித்தாள். இந்தக் கதையில் ஒரு நல்லது நடந்தது என்றால் அதுதான். அதற்கும் மாமனுக்கு நன்றி சொன்னார்கள்.

ஞாயிறு சாயங்காலம் கெனலெமாங் திரும்பி வந்தாள். மொட்சுமி கட்டிலில் கிடந்தார். மூட்டு இரண்டும் வலி. விரிப்பு மூன்று நாளாக மாற்றாமல் சுருண்டு ஒரு மூலையில் கிடந்தது. வெறும் மெத்தைமேல்தான் படுத்திருந்தார். அவளைப் பார்த்ததும், பழக்கம், வலது காலைத் தூக்கினார்.

அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கால் அந்தரத்தில் கொஞ்ச நேரம் காத்திருந்து இறங்கியது.

"என்னை ஏமாத்திட்டுப் போனியே" என்றார். "அப்படி என்னத்தைப் பாத்துக் கிழிச்சே? தினமும் பாக்கற இடம்தானே?"

"யாரோ ஒருத்தர் வந்து படுக்கை விரிச்சுக் குடுக்க, நாம சும்மா படுத்திருக்கறதைப் பாத்தேன்" என்றாள் கெனலெமாங். "அதை நீங்க இருபத்திரெண்டு வருஷமா தினமும் பாக்கறீங்களே. உங்களுக்கு அங்க பாக்கறதுக்கு என்ன இருக்கு?"