டேக் மாமாவின் சிவப்பு அட்டை

காலை ஒன்பது இருபதுக்கு மஞ்சக்குப்பம் மைதானத்தில் தொழில் கண்காட்சிப் பந்தலுக்குள் நுழைந்தபோது நான் முதலில் பார்த்தது ஒரு சிவப்பு அட்டையை. தூக்கம் கெட்டு நான் வடிவமைத்த அரங்கின் வாசலில், குறுக்கே கட்டிய மஞ்சள் கயிற்றின் நடுவில் அது ஆடிக்கொண்டிருந்தது. 'வேலை நடக்கிறது. தொடாதே' என்று அச்சடித்திருந்தது. கீழே, மாட்டியவர் என்ற இடத்தில், டேக் மாமாவின் கையெழுத்து. உள்ளே ஒரு விளக்குகூட எரியவில்லை.

கடலூரிலிருந்து சிதம்பரம் வரை, மனிதன் தொடக்கூடாத பொருட்களை டேக் மாமா அளவுக்குப் பெருக்கியவர் வேறு எவரும் கிடையாது.

சிப்காட் ஆலைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் இயந்திரத்தில் கை வைக்கும் முன் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சில் ஒரு சிவப்பு அட்டையை மாட்டுவார்கள். அதற்கு டேக் என்று பெயர். மாட்டியவர்தான் அதை எடுக்க வேண்டும். முதலாளியே வந்தாலும் தொடக்கூடாது. மற்றவர்கள் இந்த வழக்கத்தை ஆலை வாசலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மாமா அதை வீட்டுக்கும் கொண்டுபோனார். பிறர் பேனா செருகும் சட்டைப் பையில் அவர் ஒரு கற்றை சிவப்பு அட்டை வைத்திருப்பார். ஒரு கல்யாணத்தில் சாம்பார் அண்டாவின் கைப்பிடி ஆடுகிறது என்று அதற்கு டேக் மாட்டிவிட்டு, மணமக்களை வாழ்த்த மேடைக்குப் போய் வரிசையில் நின்றுவிட்டார். முதல் பந்தி ரசத்தில் ஆரம்பித்தது.

அவர் வீட்டு மிக்ஸி ஒரு வருடமாக டேக்கோடு இருந்தது. அத்தை அம்மியில் அரைத்தபடி சொன்னார்: "கல்யாணத்தன்னிக்கி எங்கழுத்துல அட்டைய மாட்டாம தாலியக் கட்டுனாரே, அதச் சொல்லு."

மாமா எனக்கு உறவில்லை. பம்பு, வால்வு, மோட்டார் பழுது பார்க்கும் ஒரு கம்பெனியை நடத்தினார். பட்டறையில் எல்லோருக்கும் அவர் மாமா, அவருக்கு எல்லோரும் மாப்ள. நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது 2008இல். அதற்கு முன் ஒரு நாளிதழில் பிழை திருத்திக்கொண்டும் தலைப்பு வைத்துக்கொண்டும் இருந்தேன். எட்டுச் சொல்லில் ஒரு விபத்தைச் சொல்லத் தெரிந்தவனுக்கு ஒரு கம்பெனியின் முகத்தை மாற்றுவது எம்மாத்திரம் என்று தோன்றியது. வேலையை விட்டேன். சிதம்பரம் கீழ வீதியில் ஜெராக்ஸ் கடை மாடியில் ஓர் அறை எடுத்து, 'பிராண்ட் ஆலோசகர்' என்று விசிட்டிங் கார்டு அடித்தேன். அந்தக் கார்டை மதித்துக் கூப்பிட்ட முதல் ஆள் மாமா. அதற்குப் பிறகு வெகுநாள் வரை அவரே கடைசி ஆளாகவும் இருந்தார்.

அவருக்கு ஒரு சிக்கல். சென்னையிலிருந்து ஒரு கம்பெனி பளபளப்பான வெப்சைட்டோடு வந்து அவருடைய வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தது. மிச்சம் இருந்ததில் பெரியது ஒரு ரசாயன ஆலை. அதன் பராமரிப்பு மேனேஜர், வருடாந்தர கான்ட்ராக்ட்டை யாருக்குக் கொடுப்பது என்று கண்காட்சியில் இரண்டு அரங்குகளையும் பார்த்த பிறகு முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார்.

மாமா ஒரு நட்டை முறுக்கிக்கொண்டே சொன்னார்: "இது போச்சுன்னா பாதிப் பேர வூட்டுக்கு அனுப்பணும் மாப்ள. யார அனுப்பறதுன்னு எனக்குத் தெரியல. அதனால நீ ஒழுங்கா செய்யி."

நான் லோகோவிலிருந்து தொடங்கினேன். பழைய லோகோவில் ஒரு பல்சக்கரம், ஒரு ஸ்பேனர், ஒரு மின்னல், ஒரு வேல், ஒரு பூமி உருண்டை எல்லாம் இருந்தன. கம்பெனியின் பெயரை இங்கே எழுதினால் இந்தப் பக்கம் கொள்ளாது. அவருடைய அப்பா, அம்மா, இரண்டு பெண்கள், குலதெய்வம் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். எதைக் கேட்டாலும் சுருக்குவதுதான் என் தொழில் என்பதால், மூன்றெழுத்தாகச் சுருக்கலாம் என்றேன்.

"சுருக்கலாம். யார எடுக்கற?"

"எடுக்கறதில்ல மாமா. முதல் எழுத்து மட்டும்..."

"அம்மாவும் சின்னவளும் ஒரே எழுத்து. ரெண்டு பேருக்கும் ஒண்ணு போட்டா யாருக்குன்னு கேப்பாங்க. கெழவி வுட மாட்டா."

பெயர் அப்படியே இருந்தது. நான் எழுத்தின் சாய்வை மட்டும் மாற்றினேன். அதற்கு ஐந்து பக்கத்தில் ஒரு விளக்கக் குறிப்பும் எழுதிக் கொடுத்தேன். மாமா அதை மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் வைத்தார். மேசை நின்றது. நான் எழுதியவற்றில் ஒரு காரியத்துக்கு உடனே பயன்பட்டது அது ஒன்றுதான்.

அடுத்தது வெப்சைட். முகப்பில் ஒரு பல்சக்கரம் மெதுவாகச் சுழன்று கம்பெனிப் பெயராக மாறும்படி செய்திருந்தேன். பிரவுசிங் சென்டரில் மாமாவை உட்கார வைத்துக் காட்டினேன். அன்றைய இணைய வேகத்தில் சக்கரம் பாதிச் சுற்றில் நின்றது. மாமா திரையில் காதை வைத்துக் கேட்டார்.

"பேரிங் போயிருக்கு."

"நெட் ஸ்லோ மாமா. இன்னும் வேலை பாக்கி இருக்கு."

"வேல பாக்கின்னா டேக் போடு."

போட்டேன். முகப்பில் சிவப்பு அட்டையின் படம், 'வேலை நடக்கிறது. தொடாதே.' மாட்டியவர் பெயரும் நம்பரும் இல்லாமல் டேக் கிடையாது என்று மாமா பிடிவாதம் பிடித்ததால், அங்கே என் பெயரும் என் செல் நம்பரும் ஏறின. மறுநாளிலிருந்து எனக்கு அழைப்புகள். நெய்வேலிப் பக்கத்திலிருந்து ஒருவர், "சார், சீல் லீக் ஆவுது, நிறுத்தவா ஓட்டவா?" என்று கேட்டார். நான் ஒரு பிராண்ட் ஆலோசகருக்குரிய நிதானத்தோடு, நிறுத்தச் சொன்னேன். யார் கேட்டாலும் நிறுத்தச் சொன்னேன். அந்த மாதம் மாவட்டத்தில் எத்தனை பம்புகள் என்னால் நின்றன என்று தெரியாது.

அப்புறம் அரங்கு. பின்சுவர் முழுக்க, வெள்ளைத் தலைக்கவசம் அணிந்து புன்னகைக்கும் ஒரு வெளிநாட்டு எஞ்சினியரின் படம். இணையத்தில் எடுத்தது. மாமா அதை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவுரு எப்ப சேந்தாரு?"

"சும்மா ஒரு தோற்றத்துக்கு மாமா."

"கையில கிரீஸ் இல்ல. லீவுல இருக்காரா?"

படத்தைச் சுற்றி அலுமினியச் சட்டம், சட்டம் நெடுக விளக்குகள். அதுவும் என் யோசனைதான். ஒயரிங் செய்தவர் பந்தல்காரரோடு வந்தவர். அவரை அவசரப்படுத்தியவன் நான்.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார் ஃபிட்டர் தனவேல். மாமாவின் பட்டறையில் மூத்தவர். அதிகம் பேசமாட்டார்.

"என்னண்ணே இது? மாமா எங்க?"

"சட்டத்துல கரண்டு கசியுது சார். காலைல வந்து தொட்டுப் பாத்தாரு, சுருக்குன்னுச்சாம். மெயின நிறுத்திட்டு டேக் போட்டாரு. எர்த் ஒயர் வாங்கத்தான் கெளம்புனாரு. அதுக்குள்ள சிதம்பரத்துல ஒரு கல்யாண மண்டபத்துல மோட்டாரு நின்னுபோச்சுன்னு போன். முகூர்த்தமாம், ஒரு பொட்டுத் தண்ணி இல்லியாம். போயிருக்காரு."

செல்லில் கூப்பிட்டேன். வேலை நேரத்தில் மாமா செல்லை அணைத்துவிடுவார் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் பலமுறை கூப்பிட்டேன். எதிர் அரங்கில் சென்னைக் கம்பெனி ஆள் உயரத் திரையில் வீடியோ ஓட்டிக்கொண்டிருந்தது. வருகிறவர்களுக்கு வெள்ளித்தாள் சுற்றிய சாக்லேட் கொடுத்தார்கள். எங்கள் அரங்கில் இருட்டில் வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் வருகிற நேரம் நெருங்கியது. நான் சொன்னேன்: "அண்ணே, லைட்டே வேணாம். கயித்த மட்டும் அவுத்துடுவோம். அந்த ஓரமா உள்ள நிக்க வெச்சுப் பேசி அனுப்பிடலாம்." கயிற்றை நோக்கிக் கை நீட்டினேன். தனவேல் என் மணிக்கட்டைப் பிடித்தார். அழுத்தமான பிடி. ஆனால் அதில் ஏதோ குறைவதுபோல் இருந்தது. குனிந்து பார்த்தேன். அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை.

மூன்று மாதமாக அந்தக் கையால் டீ வாங்கிக் குடித்திருக்கிறேன். பத்திரிகைக் கண் எனக்கு என்று நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

"இது எப்படிண்ணே?"

"நாங்க ரெண்டு பேரும் ஒரு ஆலையில வேல பாத்தப்ப. பம்புக்குள்ள கைய வுட்டிருந்தேன். டேக் மாட்டித்தான் இருந்திச்சி. சூப்பர்வைசருக்கு அவசரம். அவுரே எடுத்துட்டு, போடுன்னாரு. சுவிட்சுல நின்னவரு போட்டுட்டாரு."

"யாரு போட்டது?"

"மாமாதான் சார்." அவர் என் கையை விட்டார். "அவுருக்கு எப்டித் தெரியும், டேக்க யாரு எடுத்தாங்கன்னு? அதுக்கப்புறம் ஆலைக்கே போவல. தனியா கம்பெனி ஆரம்பிச்சாரு. மொத ஆளா என்னத்தான் சேத்தாரு."

அந்த நேரத்தில்தான் மேனேஜர் வந்தார். ஒல்லியான மனிதர், முகத்தில் எதுவும் தெரியாது. நான் முன்னால் பாய்ந்து, புதிய லோகோவின் எழுத்துச் சாய்வு முன்னேற்றத்தைக் குறிக்கிறது என்று ஆரம்பித்தேன். அவர் என் தோளுக்கு மேலே அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பிரச்சனை?" என்றார் தனவேலிடம்.

"சட்டத்துல கரண்டு சார்."

"மெயின் ஆஃப்தானே? அவுத்து வுடுங்க. ரெண்டு நிமிஷம் பாத்துட்டுப் போயிடறேன்."

"அவுரு வரட்டும் சார்."

"நான் சொல்றேன். எடுங்க."

"தப்பா எடுத்துக்காதீங்க சார். மாட்டுனவரு வரட்டும்."

"கான்ட்ராக்ட் வேணாமா?"

தனவேல் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பாதிப் பேரில் தானும் இருக்கலாம் என்பது அவருக்குத் தெரியும்.

"வேணும் சார்," என்றார். "ஆனா அவுரு வரட்டும்."

மேனேஜர் தலையை ஆட்டிவிட்டு எதிர் அரங்குக்குப் போனார். அங்கே சாக்லேட் எடுத்துக்கொண்டார். வீடியோவை முழுதாகப் பார்த்தார். பிறகு கிளம்பிப் போய்விட்டார். நான் என் விசிட்டிங் கார்டுகளை எண்ணிப் பார்த்தேன். பழைய நாளிதழில் திரும்பச் சேர்ப்பார்களா என்றும் யோசித்தேன்.

மதியம் மாமா வந்தார். சட்டையெல்லாம் ஈரம், கையில் எர்த் ஒயர், இன்னொரு கையில் மண்டபத்தில் கொடுத்த தாம்பூலப் பை. நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தனவேலைப் பார்த்தார்.

"கேட்டாரா?"

"கேட்டாரு."

"நீ எடுக்கல?"

"எடுக்கல."

மாமா தாம்பூலப் பையை அவர் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனார். ஒயரைக் கட்டினார், சோதித்தார், வெளியே வந்து அட்டையைத் தன் கையால் எடுத்தார். விளக்குகள் எரிந்தன. "சோக்காத்தான் இருக்கு மாப்ள," என்றார். அதைப் பார்க்க அப்போது பந்தலில் எங்கள் மூவரைத் தவிர ஒரு சுண்டல்காரர் இருந்தார்.

அடுத்த வாரம் கான்ட்ராக்ட் வந்தது. மாமாவோடு கையெழுத்துக்குப் போனபோது மேனேஜரிடம் அரங்கு எப்படி இருந்தது என்று கேட்டேன். பாராட்டைக் கேட்டு வாங்கும் பழக்கம் எனக்கு உண்டு.

"அரங்கா? நான் அந்த அட்டையத்தான் பாத்தேன்," என்றார்.

பட்டறையிலிருந்து யாரும் வீட்டுக்குப் போகவில்லை. எனக்கு மேலும் நாலு கம்பெனிகள் கிடைத்தன. அவர்களிடம், குறைவான பொருட்களால் நிறைவான செய்தியைச் சொல்வதே என் பாணி என்று பேசினேன். வெப்சைட்டில் இருந்த டேக்கை எடுக்கலாமா என்று மாமாவைக் கேட்டேன். "மாட்டுனவன் நீ. வேல முடிஞ்சா எடு," என்றார். வெகு நாள் எடுக்க முடியவில்லை.

2012இல் மாமா ஒருநாள் சிதம்பரத்துக்கு என் அலுவலகம் வந்தார். படியேறும் முன் என் ஸ்கூட்டரின் பிரேக்கை அழுத்திப் பார்த்தார். மாடிக்கு வந்தபோது சட்டைப் பையில் ஓர் அட்டை குறைந்திருந்தது.

"கேபிளு நூலா நிக்கிது. இதுலயா பைபாஸ்ல போற? ஞாயித்துக்கெழம புது கேபிளோட வரேன். அதுவரைக்கும் பஸ்சுல போ."

"சரி மாமா."

"ஞாவகம் வெச்சுக்க. நான் வந்துதான் எடுப்பேன்."

வெள்ளிக்கிழமை பட்டறையில் ஒரு மோட்டாரின் மேல் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு தனவேல் என்னைப் பார்க்க வந்தார். மாடிப்படிக்குக் கீழே நின்ற ஸ்கூட்டரையும் அதில் தொங்கிய கையெழுத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மாட்டுன ஆளு இல்லன்னா, எடுக்கறதுக்கு ஒரு மொற இருக்கு சார். செஞ்சிரவா?"

வேண்டாம் என்றேன்.

கடலூருக்கு நான் பஸ்ஸில்தான் போய்வருகிறேன்.