'சாரி' செல்லாது என்ற பெரியப்பா

எழுபதுகளில் பாகூர் பக்கத்தில் 'சாரி' என்று சொல்ல ஜனங்கள் பயந்தார்கள் என்றால், அதற்கு ஒரே காரணம் எங்கள் டிக்‌ஷனரி பெரியப்பாதான். பஸ்ஸில் அவர் காலை மிதித்தவர்கள் வாயைத் திறக்காமல் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுவார்கள்.

பெரியப்பா கடைத்தெருவில் உரக்கடை வைத்திருந்தார். பிரெஞ்சுக்காரன் எங்கள் ஊரை ஆண்ட காலத்தில் பிரெஞ்சு படித்தவர். அவன் கப்பலேறியதும் ஊரெல்லாம் இங்கிலீஷ் பேச ஆரம்பித்தது. பெரியப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தடிமனான டிக்‌ஷனரி ஒன்றை வாங்கித் தராசுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். யூரியா வாங்க வந்தவன் வாயிலிருந்து ஓர் இங்கிலீஷ் வார்த்தை தவறி விழுந்தால் போதும், அதன் பூர்வீகம், பங்காளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் மூட்டையைத் தூக்க முடியும்.

அதிலும் 'சாரி' மேல் அவருக்குத் தனிக் கோபம்.

"சாரின்னா இன்னா தெரியுமாய்யா? புண்ணு, வலிக்கு இங்கிலீஷ்ல 'ஸோர்'னு சொல்றானே, அந்த வம்சம். உனக்கு இப்ப எங்க வலிக்குது?"

"எனக்கு வலிக்கலியேண்ணே."

"அப்ப இன்னாத்துக்கு சொன்ன?"

காலேஜ் படித்துக்கொண்டிருந்த எனக்கு வெட்கத்தில் தலை தானாகக் குனியும். கல்யாணங்களில் அவரிடமிருந்து தள்ளியே உட்காருவேன். அப்படியும் பந்தி நடுவிலிருந்து, "டேய், அந்த அப்பாலஜிக்கு அர்த்தம் சொல்லுடா இவருக்கு" என்று கூப்பிட்டு மானத்தை வாங்குவார்.

எல்லாவற்றுக்கும் சிகரம், என் அக்காவைப் பெண் பார்க்க வந்த நாள். செலியமேட்டில் கரும்பு போடுகிற குடும்பம். அதற்கு முன் வந்த இடங்களெல்லாம் தட்டிப்போயிருந்தன. இந்த மாப்பிள்ளையை அக்காவுக்கும் பிடித்துவிட்டது. அப்பா இல்லாத எங்கள் வீட்டுக்குப் பெரியப்பாதான் பெரியவர். பேச்செல்லாம் முடிந்து, வெற்றிலைத் தட்டு மாற்ற எழுந்த மாப்பிள்ளையின் அப்பா, கை தவறிப் பெரியப்பாவின் வேட்டியில் காபியைக் கொட்டிவிட்டார்.

"அடடா, சாரிங்க!"



"வலிக்குதுங்களா?" என்றார் பெரியப்பா.

"எனக்கா? காபி உங்க மேலதான கொட்டுச்சு?"

"அப்ப சாரி செல்லாது. அப்பாலஜியும் வேணாம், அது ஆதியில எம்மேல தப்பில்லன்னு வாதாடறது. பார்டன்னு சொல்லலாம்னா, அது பிரெஞ்சுக்காரன் சொத்து, 'பார்தோன்'. ரெக்ரெட்டுன்னு சொல்லலாம்னா, அதுவும் அங்கேர்ந்து வந்ததுதான், செத்தவங்களுக்காக ஒப்பாரி வைக்கிறது..."

நல்ல காரியம் நடக்கிற கூடத்தில், தட்டு எடுத்த நேரத்தில், சாவும் ஒப்பாரியும்! மாப்பிள்ளையின் அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"எழுந்திருங்க, போவலாம்."

போய்விட்டார்கள். பஜ்ஜியை யாரும் தொடவில்லை. உள்ளே அக்கா அழும் சத்தம் கேட்டது. பெரியப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தையும் பேசாத அம்மா வாசல்வரை வந்து கேட்டாள்: "இப்ப திருப்தியா உங்களுக்கு?"

மறுநாள் அவர் கடையைத் திறக்கவில்லை. "செலியமேட்டுக்கு சைக்கிள மிதிடா" என்றார். பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "சாரி... இல்ல. எக்ஸ்கியூஸ்... சீ."

மாப்பிள்ளையின் அப்பா கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. அவமானத்தில் நான் வரப்பைப் பார்த்தபடி நின்றேன். பெரியப்பா வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். ஒன்றும் வரவில்லை. ஊருக்கே அர்த்தம் சொன்ன மனுஷன் சேற்றில் நின்று திணறுவதை என்னால் பார்க்க முடியவில்லை. ஏதாவது ஒரு வார்த்தை வந்துவிடாதா என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மண்வெட்டியை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"இன்னாங்க, வலிக்குதா?"

"வலிக்குதுங்க," என்றார் பெரியப்பா. "ரொம்ப வலிக்குது. எங்க பொண்ணு இன்னும் அழுதுனு கீதுங்க."

"வாங்க, வூட்டுக்குப் போய் காபி சாப்புட்டுப் பேசுவோம்."

அக்கா கல்யாணப் பந்தியில் பெரியப்பா அதே சம்பந்தியைப் பிடித்து வைத்துக்கொண்டு 'தேங்க்ஸ்' எங்கிருந்து வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரசம் ஆறிப்போக, அந்த மனிதர் பாவம், தலையாட்டிக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் பஸ்ஸில் யாராவது என் காலை மிதித்துவிட்டு 'சாரி' என்றால், பக்கத்தில் எங்காவது பெரியப்பா நிற்கிறாரா என்று திரும்பிப் பார்க்கிறேன்.